பவானி தேவியும் வாள்வீச்சும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்குகிறேன். மழை பெய்து மைதானம் சேறானால் போனில் ஏதாவது ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பவானி தேவியின் டோக்கியோ ஆட்டம் அப்படித்தான் இவர்களிடம் வந்து சேர்ந்தது. முதலில் பிள்ளைகள் கேட்டார்கள், பிறகு தாய்மார், அப்புறம் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறவர்கள். எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள்தான், ஆகவே எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

ஆர் சேர் இந்தப் பவானி தேவி? படத்தில நடிச்சவவோ?

இல்லை, சென்னையைச் சேர்ந்த வாள்வீச்சு வீராங்கனை. 1993 ஆகஸ்ட் 27 பிறந்தவர். ஒலிம்பிக்கில் வாள்வீச்சு ஆடிய முதல் இந்தியர் அவர்தான், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ 2020 போட்டி அது. அதே வருடம் இந்திய அரசின் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

வாளோ? வாள்வெட்டு காணாதெண்டே நீங்களும் பழக்கப் போறியள்?

இதைக் கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. வடக்கில் பேப்பரைத் திறந்தால் வாள்வெட்டு என்று ஒரு செய்தி இல்லாத கிழமை குறைவு, அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு தாய்க்கு வயிறு கலங்குவதில் பிழை இல்லை.

ஆனால் இந்த வாளால் ஒரு வாழைக்காயைக்கூட வெட்ட ஏலாது. அது கூரில்லாத, வளைந்து கொடுக்கிற மெல்லிய உருக்குக் கம்பி, நுனியும் மழுங்கினது. மொத்த எடை அரைக் கிலோவுக்குள், நீளம் 105 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். முகத்துக்கு வலைக் கவசம், உடம்புக்குக் குத்துத் தாங்கும் துணியில் தைத்த சட்டை, அதற்கு மேல் மின்சாரம் கடத்துகிற இன்னொரு சட்டை. வாள் அந்தச் சட்டையில் பட்டால் லைற் எரியும், ஒரு புள்ளி. அவ்வளவுதான் வெட்டு.

அவ தமிழோ தெலுங்கோ? ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்கள்.

பிறந்து வளர்ந்தது வடசென்னை, படித்தது அங்கே தமிழ்ப் பிள்ளைகளோடு, பேட்டிகளில் தமிழ் சரளமாகப் பேசுகிறார். குடும்பத்தின் பூர்வீகம் ஆந்திரா. தகப்பன் கோயில் ஐயர், 2019இல் காலமானார். தாய் வீட்டைப் பார்த்தவர். எங்கட ஆள் என்று சொல்ல ஆசை இருந்தால் சொல்லுங்கள், அவர் கோபிக்கப் போவதில்லை. ஆனால் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கமுதல் சாதகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

கனக்க விளையாட்டு இருக்கேக்க ஏன் இதை எடுத்தவ?

எடுத்தது என்று சொல்வதைவிட மிஞ்சியது என்று சொல்லலாம். 2004இல் பள்ளியில் ஆறு விளையாட்டுகளில் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது மற்றதெல்லாம் நிரம்பிவிட்டன, வாள்வீச்சில் மட்டும் இடம் இருந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் எல்லாரும் 'விதி' என்று சொல்லித் தலையாட்டுகிறார்கள். எனக்குப் பட்டது வேறு. ஒரு சாதாரணப் பெண்கள் பள்ளியின் பட்டியலில் வாள்வீச்சு என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது, பழக்க ஒரு ஆளும் இருந்திருக்கிறார். எங்கள் பாடசாலைகளில் மிஞ்சினதை எடுக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? எல்லேயும் கரப்பந்தும் வலைப்பந்தும் தட்டெறிதலும். அவையும் நல்லவைதான், ஆனால் பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது.

மூங்கில் தடியால பழகித்தான் ஒலிம்பிக் போனவவாமே? அப்ப எங்களாலயும் ஏலும் தானே?

மூங்கில் உண்மை. வாள் விலை கூட, உடைந்தால் உள்ளூரில் வாங்கவும் முடியாது, ஆகவே தொடக்கத்தில் மூங்கில் தடியால் பழகிவிட்டு போட்டிக்கு மட்டும் உண்மையான வாளை எடுத்தார்கள். இந்தப் பகுதியை மட்டும் வெட்டி வீடியோவாக்கி, பின்னால் ஒரு பாட்டையும் போட்டு அனுப்புகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வறுமை இருந்தால் வெற்றி தானாக வரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

மிச்சத்தையும் கேளுங்கள். தாய் நகைகளை அடகு வைத்தார், கடன் வாங்கினார். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசு வெளிநாட்டுப் பயிற்சிக்குக் காசு கொடுத்தது. இந்திய விளையாட்டு ஆணையம் கேரளாவின் தலச்சேரியில் தங்குமிடமும் பயிற்றுநரும் கொடுத்தது. 2015இல் ராகுல் டிராவிட் பெயரில் நடக்கும் ஒரு உதவித் திட்டத்துக்குள் எடுக்கப்பட்டார். மூங்கிலால் தொடங்கலாம், மூங்கிலால் டோக்கியோ போக ஏலாது. நடுவில் இத்தனை கைகள் பிடித்துத் தூக்கியிருக்கின்றன, அவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் நாங்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

பார்த்தா ஒண்டும் விளங்கேல்லை சேர். ரெண்டு பேரும் பாயினம், ரெண்டு லைற்றும் எரியுது, ரெண்டு பேரும் கத்தினம். ஆருக்குப் புள்ளி?

நல்ல கேள்வி, இதை விளங்கினால் பாதி ஆட்டம் விளங்கிவிடும். இரண்டு பேரும் நான்கு மீற்றர் இடைவெளியில் நிற்பார்கள். நடுவர் 'ஆலே' என்றதும் பாய்வார்கள். இரண்டு லைற்றும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்குத்தான் புள்ளி. ஏ9 வீதியில் நேரே போகிற பஸ்ஸுக்குத்தான் வழி, ஒழுங்கையால் ஏறுகிறவர் பொறுத்துத்தான் ஏற வேண்டும் அல்லவா, அதே கணக்கு. தாக்கப்படுகிறவர் அந்த வாளைத் தன் வாளால் தட்டி விலத்திவிட்டால் வழி அவருக்கு மாறும், அதற்குப் பிறகு அவர் அடித்தால் செல்லும். அல்லது பின்னுக்குப் போய்த் தாக்குதலை வீணாக்கிவிட்டு உடனே திருப்பி அடிக்கலாம்.

யார் முதலில் தொடங்கினது என்று கண் இமைக்கும் நேரத்தில் நடுவர் முடிவு சொல்ல வேண்டும். கத்துவது பாதி சந்தோசம், பாதி நடுவருக்கு 'எனக்குத்தான்' என்று சொல்வது. வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லியும் கேட்கலாம். ஓடுபாதை 14 மீற்றர், பின்னால் தாண்டி விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. 15 புள்ளி முதலில் எடுத்தவர் வெற்றி. ஒருவர் எட்டைத் தொட்டதும் ஒரு நிமிட ஓய்வு. அந்த எட்டை நினைவில் வைத்திருங்கள், டோக்கியோ பற்றிச் சொல்லும்போது வரும்.

தலையில அடிக்கலாமாம், காலில அடிச்சா புள்ளி இல்லையாம். என்ன நியாயம்?

மூன்று வகை வாள் இருக்கிறது. ஃபாயில் என்றால் நுனியால் நெஞ்சு, வயிறு, முதுகுப் பக்கம் மட்டும் குத்தலாம். எப்பே என்றால் கால்விரல் தொடக்கம் தலைவரை எங்கும் குத்தலாம், அதில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புள்ளி விழும். பவானி ஆடுவது சேபர். அது குதிரைப்படை வாளின் வழி வந்தது, ஆகவே இடுப்புக்கு மேலே மட்டும், நுனியாலும் அடிக்கலாம், விளிம்பாலும் வீசலாம். மூன்றிலும் வேகம் கூடியது இதுதான். பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது.

ஒலிம்பிக்கில் வாள்வீச்சு 1896 முதல் விட்டுப்போகாமல் இருக்கிறது, ஆனால் பெண்களுக்கான சேபர் 2004 ஏதென்ஸில்தான் வந்தது. பவானி பள்ளியில் மூங்கிலைத் தூக்கின அதே வருடம்.

மூண்டு நிமிசம் பிந்தினதுக்குக் கலைச்சு விட்டவையாமே?

உண்மை. 14 வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. மூன்று நிமிடம் பிந்திப் போனார், கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். கறுப்பு அட்டை என்றால் அந்தப் போட்டியே முடிந்தது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. நாலு மணி என்றால் நாலரைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்லுகிறேன். பலன் பெரிதாக இல்லை.

சென்னையில இருந்தவ ஏன் கேரளா, இத்தாலி எண்டு அலைஞ்சவ?

எதிராளி இல்லாமல் இந்த விளையாட்டைப் பழக ஏலாது, அதுதான் காரணம். ஓட்டம் என்றால் தனியே வயல் வரம்பில் ஓடலாம். சேபர் பழக உங்களைவிட நல்லாக அடிக்கிற பத்துப் பேர் பக்கத்தில் வேண்டும். பத்தாம் வகுப்போடு தலச்சேரிக்குப் போனார், அங்கே சாகர் லாகு என்பவரிடம் பழகினார், அங்கேயே பிரெனன் கல்லூரியில் பட்டப்படிப்பும் படித்தார். படிப்பைக் குழப்பிப்போட்டுப் போனவர் என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

பிறகு இத்தாலியில் லிவோர்னோ, பயிற்றுநர் நிக்கோலா சனோத்தி. லிவோர்னோ சும்மா ஊர் இல்லை. 2004 ஒலிம்பிக்கில் ஆண்கள் சேபரில் தங்கம் எடுத்த அல்தோ மொந்தானோ அந்த ஊர்க்காரர்தான். டோக்கியோவுக்குப் பிறகு பவானி பிரான்ஸின் ஒர்லியோனுக்கு மாறினார்.

ஒலிம்பிக்குக்குக் கோட்டாவில போனவ எண்டு ஒருத்தர் சொன்னார். அப்ப திறமையில்லையோ?

தேர்வு முறையைச் சொல்கிறேன், நீங்களே முடிவெடுங்கள். அணிப் போட்டிக்குத் தெரிவாகும் நாடுகளின் வீராங்கனைகள் தனிப் போட்டிக்கும் போவார்கள். மிச்ச இடங்கள் கண்ட வாரியாகப் பிரிக்கப்படும், ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு. 2021 மார்ச்சில் புடாபெஸ்ட்டில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியோடு கணக்குப் பார்த்தபோது அந்த இரண்டில் ஒன்று பவானிக்கு. அப்போது உலகத் தரவரிசையில் 45ஆவது.

அதைக் கோட்டா என்று சொன்னால் சொல்லுங்கள். அதற்காக வருடக்கணக்காக நாடு நாடாகப் போய் புள்ளி சேர்க்க வேண்டும். 2016 ரியோவுக்கும் முயற்சி செய்து முடியாமல் போனவர் அவர். எங்கள் மாகாணமட்டப் போட்டிக்கே பஸ் காசு சேர்க்க நாங்கள் படுகிற பாட்டை நினைத்தால், அந்தப் புள்ளிகள் எப்படி வந்திருக்கும் என்பது விளங்கும்.

டோக்கியோவில என்ன நடந்தது? தோத்திட்டு மன்னிப்பும் கேட்டவவாமே?

2021 ஜூலை 26. முதல் ஆட்டம் துனிசியாவின் நாடியா பென் அசீசியோடு. ஓய்வுக்குப் போகும்போது 8-0, முடிவில் 15-3. போனில் பார்த்த பிள்ளைகள் இந்த இடத்தில் கூரையைப் பிய்த்துவிட்டார்கள். அடுத்த ஆட்டம் பிரான்ஸின் மனோன் புரூனேயோடு, அவர் அப்போது உலகின் முதல் சில பேரில் ஒருவர். ஓய்வில் 2-8, முடிவில் 7-15. முதல் பாதியை மட்டும் பார்த்தால் பெரிய அடி, இரண்டாம் பாதியை மட்டும் எண்ணினால் 5-7. பயந்து நின்றவர் அல்ல, பழக நேரம் எடுத்தவர்.

அன்றே ட்விட்டரில், தன்னால் முடிந்ததைச் செய்ததாகவும் வெல்ல முடியவில்லை, மன்னிக்கவும் என்றும் எழுதினார். பிரதமர் மோடி, முழுமூச்சாக ஆடினீர்கள், அதுதான் முக்கியம் என்கிற மாதிரிப் பதில் போட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்த மனோன் புரூனே அதே போட்டியில் வெண்கலம் எடுத்தார், 2024 பாரிஸில் சொந்த நாட்டு மக்களுக்கு முன்னால் தங்கம் எடுத்தார்.

ஒலிம்பிக் பதக்கமே இல்லாத ஆளுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

இது தேத்தண்ணிக் கடைக் கேள்வி, கொஞ்சம் எரிச்சலோடு கேட்கப்பட்டது. எங்களிடமே உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்பேர்னிலும் உயரம் பாய்ந்தார், ஒலிம்பிக் பதக்கம் எடுக்கவில்லை. ஆனால் 1958இல், அதே டோக்கியோவில், ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் எடுத்தார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. அவரைப் பதக்கம் இல்லாதவர் என்று யாராவது சொல்கிறோமா?

இன்னொன்று, பவானியின் புகழ் ஆட்டம் பார்த்து வந்த புகழ் இல்லை. 2021 ஜூலை 26க்கு முன் அவரை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2017இலேயே ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் சற்றலைற் உலகக் கிண்ணத் (உலகக் கிண்ணத்துக்கு அடுத்த படியில் நடக்கும் போட்டி) தங்கம் எடுத்தார், 2018இல் கன்பராவில் பொதுநலவாய வாள்வீச்சுத் தங்கம் எடுத்தார், இரண்டுமே ஒரு இந்தியருக்கு முதல் தடவை. அப்போது இந்தச் சத்தம் இல்லை. ஒலிம்பிக் என்ற சொல்லுக்குத்தான் கைதட்டினார்கள். புகழ் பிந்தித்தான் வந்தது, ஆனால் பிழையான ஆளிடம் வரவில்லை.

அதுக்குப் பிறகு ஒண்டும் வெல்லேல்லையோ?

டோக்கியோவைவிடப் பெரிய ஆட்டம் அதற்குப் பிறகுதான். 2022இல் லண்டனில் பொதுநலவாயத் தங்கத்தைத் தக்கவைத்தார். 2023 ஜூனில் சீனாவின் வூசியில் ஆசியச் சாம்பியன்ஷிப் காலிறுதியில் ஜப்பானின் மிசாக்கி எமுராவை 15-10 என்று வென்றார். எமுரா அப்போது நடப்பு உலகச் சாம்பியன். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தான் வீராங்கனையிடம் 14-15, ஒரே ஒரு புள்ளி. வெண்கலம் கிடைத்தது, இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் முதல் பதக்கம். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு ஆட்டம் தெரிவு செய்யச் சொன்னால் எமுராவோடு ஆடினதைத்தான் காட்டுவேன்.

2024 பாரிஸுக்குத் தெரிவாகவில்லை.

பெட்டைப் பிள்ளையின்ர கையில ஆயுதம் மாதிரி ஒண்டைக் குடுக்க மனம் வரேல்லை, தம்பி.

இதைச் சொன்ன அம்மா புதுக்குடியிருப்புப் பக்கம். எதற்காகச் சொல்கிறார் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் மறுத்துப் பேசவில்லை, அம்மா விருப்பமில்லை என்றால் வலைப்பந்து இருக்கிறது, தர்ஜினி சிவலிங்கம் வடக்கில் இருந்து அதில்தான் உலகக் கிண்ணம் வரை போனார் என்று மட்டும் சொன்னேன். மேலே வாள்வெட்டுக் கேள்விக்குச் சொன்ன பதில் இந்தக் கேள்விக்குப் போதாது.

என்ர மகளுக்குப் பன்னிரண்டு. இஞ்சை பழக ஏலுமோ?

வயது பிந்தவில்லை, பவானி தொடங்கினதும் பத்துப் பதினொன்றில்தான். இடம்தான் சிக்கல். இலங்கையில் வாள்வீச்சுச் சங்கம் இருக்கிறது, ஆனால் நடமாட்டம் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். உங்கள் பாடசாலை உடற்கல்வி ஆசிரியரையும் பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரையும் கேளுங்கள். ஒரு பெற்றோர் கேட்டால் பதில் வராது, பதினைந்து பேர் ஒன்றாகக் கடிதம் கொடுத்தால் ஒரு நாள் பயிற்சிப் பட்டறைக்காவது யாரையும் கூப்பிட வேண்டி வரும். கேட்டு அலுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆட்கள் கூடினால்தான் கோப்பு அசைகிறது.

அதுவரைக்கும் கால்களைப் பழக்கலாம். முழங்கால் மடித்து நின்று முன்னும் பின்னும் நகர்வது, ஒரு காலை நீட்டிப் பாய்ந்து திரும்புவது, குறுந்தூர ஓட்டம், பூப்பந்து. சேபர் பெரும்பாலும் கால் விளையாட்டு.

சிலம்பம் தெரிஞ்சா இது லேசோ?

மணிக்கட்டும் தூரக் கணக்கும் உதவும். ஆனால் சிலம்பம் வட்டமாகச் சுற்றிச் சுழல்கிற கலை, சேபரில் ஒரே கோட்டில் முன்னும் பின்னும்தான், முன்னுக்குப் போகும்போது பின்காலை முன்காலுக்கு முன்னால் போடக்கூடக் கூடாது. சிலம்பக்காரப் பொடியன் ஒருவன் செய்து காட்டினான், பார்க்க நல்ல வடிவு, நடுவர் இருந்திருந்தால் மஞ்சள் அட்டை.

அப்ப வீட்டில தடியால பழகட்டே?

கவசம் இல்லாமல் வேண்டாம். 1982இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், ஒலிம்பிக் சாம்பியன், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்துக்குள்ளால் போய் இறந்தார். அதற்குப் பிறகுதான் கவசம், சட்டை, வாள் உருக்கு எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின, இன்று இது பாதுகாப்பான விளையாட்டு. கவசத்தோடு ஆடினவருக்கே அப்படி என்றால், பூவரசம் தடியோடு கண்ணுக்கு ஒன்றும் போடாமல் ஆடுகிற பிள்ளையை யோசியுங்கள். கால் பயிற்சிக்குத் தடி தேவையில்லை.

டோக்கியோவில ஆடின வாளை மோடிக்குக் குடுத்து, அதை ஏலத்தில வித்தவையாம். அப்ப அவ இப்ப எதால விளையாடுறா?

ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்வி, கனக்கக் கவலையோடு கேட்டது. கொடுத்தது உண்மை. 2021இல் இணைய ஏலத்துக்கு வந்தது, 1.25 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது, காசு கங்கை நதியைச் சுத்தப்படுத்தும் திட்டத்துக்கு.

வாளுக்குப் பஞ்சம் இல்லை, பயப்பட வேண்டாம். கம்பி எப்போதும் முறியும் என்பதால் போட்டிக்குக் குறைந்தது இரண்டு வாளும், வாளைப் புள்ளி காட்டும் கருவியோடு இணைக்கிற இரண்டு வயரும் கொண்டுவர வேண்டும் என்று விதியே இருக்கிறது, பெரிய வீராங்கனைகளின் பையில் அதைவிடக் கூட இருக்கும்.